தாயே மூட்

நாலு ராத்தல்.

சிறுவம்பேட்டுத் துலுக்காணம் வீட்டில் மூன்று மாதமாக எல்லாருடைய தூக்கத்தையும் தின்றுகொண்டிருப்பது அந்த நாலு ராத்தல்தான் என்பது விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துலுக்காணத்தின் ஒரே மகன் தேசப்பன் பட்டாளத்தில் சேரப் பட்டணம் போய் நின்றான். ஓட்டத்தில் தேறினான். பள்ளம் தாண்டுவதில் தேறினான். மார்பளவும் சரியாக இருந்தது. தராசில் ஏற்றியபோதுதான் நாலு ராத்தல் குறைச்சல் என்றார்கள். உடம்பைத் தேற்றிக்கொண்டு ஆகஸ்டு ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலையில் வா, தேறினால் அன்றைக்கே பயிற்சிக்கு ரயிலேற்றிவிடுவோம், தேறாவிட்டால் மறுபடி வராதே என்று அனுப்பிவிட்டார்கள்.

இன்றைக்கு ஜூலை முப்பது. ஆடி வெள்ளி.

தேசப்பனின் பெண்டாட்டி செல்வி கொல்லைக் கதவைத் திறந்தபோது சரியாக விடியவில்லை. புருஷன் ஆற்றுப் பக்கம் ஓடப் போயிருந்தான். பனைமரத்துத் திருப்பத்தில் முதலில் நாய் குரைக்கும், பிறகு காலடிச் சத்தம் கேட்கும். நாய் இன்னும் குரைக்கவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக அவள் நாலைந்து தடவை நடந்துவிட்டாள்.

ஒருவழியாக வந்து சேர்ந்தான். முதுகில் மணல் மூட்டை, இரண்டு தோளிலும் கயிறு. மூட்டையை இறக்கிவிட்டுத் துணி துவைக்கும் கல்லின்மேல் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"இன்னாங்க, இவ்ளோ நேரம்?"

"ரோட்ட உட்டுட்டு மணல்ல ஓடுனேன். காலப் புடிச்சு இழுக்குது."

பச்சை முட்டை இரண்டைப் பாலில் அடித்து நீட்டினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தான்.

"ஊருக் கோழிங்க எல்லாம் என்னக் கண்டா ஓடுது செல்வி."

"நீங்க ரயில் ஏறுற அன்னிக்கு அதுங்கதான் மொதல்ல பொங்க வெக்கும்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் பார்வை அவன் விலாவிலேயே இருந்தது. எலும்பு தெரிகிறதா, மூடியிருக்கிறதா? போன வாரம் ஆரணி அரிசி மில்லுத் தராசில் ஏறி நின்றபோது மூன்று ராத்தல் கூடியிருந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

அவன் தேறாமல் போய்விடுவானோ என்று பகலெல்லாம் பயம் அவளுக்கு. படுத்தால், தேறிவிடுவானோ என்று பயம். சித்திரையில் கட்ச் எல்லையில் இரு நாட்டுப் பட்டாளமும் சுட்டுக்கொண்டன என்று டீக்கடை ரேடியோவில் கேட்டதிலிருந்து இப்படித்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கல்யாணமாகி ஒன்றரை வருஷமே ஆன ஒருத்தி, புருஷன் கெலிக்கவும் வேண்டாம், தோற்கவும் வேண்டாம் என்றால் ஊர் சிரிக்காதா?

தேசப்பன் கொல்லை நடுவில் போய் விறைப்பாக நின்றுகொண்டான்.

"தாயே மூட்." வலப்பக்கம் திரும்பினான்.

"பாயே மூட்." இடப்பக்கம் திரும்பினான்.

பட்டாளத்தில் இருக்கிற சிநேகிதன் தணிகாசலம் லீவில் வந்தபோது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன இந்தி வார்த்தைகள் இவை. ஏர் ஓட்டுகிறவனுக்கு வலம் இடம் தெரியாதா என்று கேட்காதீர்கள். மாட்டைத் திருப்புவது வேறு, வாய்ச்சொல்லுக்குத் தன்னைத் திருப்பிக்கொள்வது வேறு. வார்த்தை ஒரு பக்கம் இழுத்தால் தேசப்பனின் கால் இன்னொரு பக்கம் போயிற்று. அதனால் பத்து நாளாகத் தானே உரக்கக் கத்தித் தானே திரும்பிப் பழகிக்கொண்டிருந்தான்.

மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த துலுக்காணம் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"தை மாசம் பொன்னேரி ஸ்டேஷன்ல இந்தி எழுத்துக்குத் தார் பூசுன கூட்டத்துல நின்னான். ஆடி மாசம் என் மாட்டுக்கு இந்தி கத்துக் குடுக்கறான்."

"நைனா, சும்மா இரு. எனக்குக் கவனம் தப்புது."

"தப்பட்டும். மாடு கரெட்டா திரும்புதா பாரு."

அப்போதுதான் மாமியார் அங்காளம்மாள் கோயிலிலிருந்து வந்தாள். தலையில் ஈரம் சொட்டியது. கையில் மஞ்சள் நனைத்த வேட்டி இருந்தது.

"தேசப்பா, குளிச்சுட்டு இத்தக் கட்டிக்கினு வா. கோயில்ல கூப்புடறாங்க."

தர்மராஜா கோயிலில் அன்றைக்குக் காப்புக் கட்டு. கொடிமரத்துக்கு ஆள் தேவைப்படுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு தேசப்பன் குளிக்கப் போனான். செல்வியும் அப்படித்தான் நினைத்தாள்.

கோயிலில் கூட்டம் நெருக்கியது. பெண்கள் பக்கம் நின்றிருந்த செல்விக்குத் தலைகளுக்கு நடுவே பூசாரி பரசுராமனின் கைதான் தெரிந்தது. அக்கினிக் குண்டத்தில் இறங்கப் போகிறவர்களின் பெயரை அவர் ஒவ்வொன்றாகக் கூப்பிட, ஒவ்வொருவராகப் போய்க் கையை நீட்டினார்கள். கலியன் போனான். இன்னும் நாலைந்து பேர் போனார்கள்.

"துலுக்காணம் மகன் தேசப்பன்."

பம்பைச் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று செல்வி எட்டிப் பார்த்தாள். தேசப்பன் அசையாமல் நின்றான். பிறகு மெல்லத் திரும்பித் தாயைப் பார்த்தான். அங்காளம்மாள் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஊர் முழுக்க அவனைப் பார்த்தது. யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல அவன் இரண்டு அடி முன்னால் போனான். கை நீண்டது. மஞ்சள் கயிறு ஏறியது.

பூசாரி வருஷா வருஷம் சொல்கிறதைச் சொன்னார். ஒரு வேளைச் சோறு. முட்டை, மீன், கறி ஆகாது. காலில் செருப்புக் கூடாது. ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. ராத்திரி கோயிலில்தான் படுக்கை. எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குண்டம் இறங்குவது. செவ்வாய்க்கிழமை மஞ்சள் நீராடிக் காப்பு அவிழ்ப்பது.

ஞாயிறு நெருப்பு. செவ்வாய் காப்பு அவிழ்ப்பது. நடுவில் திங்கட்கிழமை. பட்டணத்தில் அவன் தராசில் ஏற வேண்டிய நாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் தேசப்பன் வாயைத் திறந்தான்.

"யாரும்மா எம் பேரக் குடுத்தது?"

"நாந்தான். நீ கேட்டுக்கினே கீறே, நான் எப்பிடிடா குடுக்காம இருக்கறது?"

"நான் இன்னா கேட்டேன்?"

"பத்து நாளா விடிஞ்சதும் விடியாததுமா கொல்லையில நின்னுக்கினு தாயே மூட்டு, தாயே மூட்டுன்னு கத்தறியே. குண்டத்த மூட்டு, நான் எறங்கறேன்னு அந்த அம்மனக் கேக்கறே. பெத்தவ காதுல உழாதா? அதுவும் ஒரு பக்கமா கும்புடறே? நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்புடறே."

துலுக்காணம் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். அவருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது.

"அடிப் பைத்தியமே, அது இந்திடி. இந்தப் பக்கம் திரும்புன்னு அர்த்தம்."

"அப்போ, பாயே மூட்டுன்றது?"

"அது அந்தப் பக்கம் திரும்பு."

அங்காளம்மாள் மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தாள்.

"நான் கிழிஞ்ச பாய மூட்டச் சொல்றான்னுல்ல நெனச்சேன். கோணி ஊசி வாங்கியாந்து ரெண்டு பாயத் தெச்சு வெச்சுகிறேன்."

தேசப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செல்வி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அங்காளம்மாளே சிரித்தாள். ஆனால் சிரிப்பை முதலில் நிறுத்தியதும் அவள்தான்.

"இந்தியோ துருக்கமோ, அவன் வாயில அந்த வார்த்தைய வர வெச்சது யாரு?"

அவளே கோயில் இருந்த திசையைக் கையால் காட்டினாள்.

"அவ கேக்க வெச்சா. நான் கேட்டேன். கட்டியாச்சு. ஒரு நா தள்ளிப் போனா இன்னா, கவர்மெண்டு எங்கியாவது ஓடிப் பூடுமா?"

"எம்மா, அந்தத் தேதிய உட்டா அவ்ளோதான். இனிமே வராதேன்னு சொல்லிட்டாங்க. நெருப்புல எறங்குன காலோட நான் எப்பிடி ஓடிக் காட்டறது? ஒரு வேளத் தின்னா ஏறுன மூணு ராத்தலும் எறங்கிப் பூடும்." தேசப்பன் கையைப் பார்த்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழம ராத்திரி இத்த அறுத்துப் போட்டுட்டு ரயில் ஏறப் போறேன்."

அங்காளம்மாள் கத்தவில்லை. அழவும் இல்லை. கீழே உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"அறு. நான் தடுக்கல. ஆனா ஒண்ணு சொல்லு. அங்க எவனோ ஒரு துலுக்கனோ சீனாக்காரனோ உன் மேல துப்பாக்கிய நீட்டிக்கினு நிக்கறப்போ, இங்க நான் யாராண்ட போயி நின்னு கேக்கறது? காப்ப அறுத்துப் போட்டவனோட அம்மா வந்துக்கிறேன்னு அவகிட்டயே போயி நிக்கறதா?"

தேசப்பன் கயிற்றைத் தொட்டிருந்த விரலை எடுத்துவிட்டான்.

செல்வி மாமியாரையே பார்த்தாள். அத்தை நிஜமாகவே தப்பாகத்தான் கேட்டாளா, இல்லை கேட்க ஆசைப்பட்டது காதில் விழுந்ததா? அத்தைக்கே தெரிந்திருக்காது.

மத்தியானம் பம்புசெட்டில் துணி துவைக்கப் போனபோது பூசாரியின் பெண்டாட்டி கெங்கம்மாள் அங்கே இருந்தாள். கெங்கம்மாளிடம் யாரும் எதையும் கேட்கவே வேண்டாம். துணியை அடிக்கிற வேகத்தில் ஊர்ச் சமாசாரம் தானாக வந்து விழும்.

"கலியனுக்கு அவுத்தாச்சு, தெரியுமா?"

செல்வியின் கை நின்றது. "எத்த?"

"காப்புதான். காலைல கட்டினத மத்தியானமே எங்க ஊட்டுக்காரரு அவுத்துட்டாரு. அவன் பொண்டாட்டி முழுகாம கீறாளாம். வெக்கப்பட்டுக்கினு சொல்லாம இருந்துகிறா. புள்ளத்தாச்சி புருஷன் நெருப்புல நடந்தா வயித்துல கீற கொயந்தைக்கு அனல் தாக்குமே."

"அவுத்தா குத்தம் இல்லியாக்கா?"

"இன்னா குத்தம்? அம்மனே போயிட்டு வாடான்னு உத்தரவு குடுக்கறா. வேற எதுக்கும் அவுக்க மாட்டாங்க. ஆனா இதுக்கு அவளும் பொம்பள இல்லியா?" கெங்கம்மாள் துணி அடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நீ ஏன்டி கேக்கறே?"

"சும்மாதான்."

அந்த 'சும்மாதான்' வரப்பு நெடுகச் செல்வியின் கூடவே வந்தது.

களத்துமேட்டைத் தாண்டும்போது தேசப்பனைப் பார்த்தாள். எல்லைக் கல்லுக்கு அப்பால் போகக் கூடாதல்லவா, அதனால் களத்தையே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். வெறுங்கால். உச்சி வெயில். காலையில் குடித்த முட்டையோடு சரி, இனி ராத்திரிதான் சோறு. போரடிக்கிற மாடு போலத் தலை கவிழ்ந்திருந்தது. எதற்காக இன்னும் ஓடுகிறான், யாருக்காக ஓடுகிறான்?

கூப்பிடலாமா என்று அவள் நினைப்பதற்குள் அவன் நின்றான். கண்ணைக் கசக்கினான். பக்கத்தில் எதையோ பிடிக்கிறவன் போலக் காற்றில் கையை நீட்டினான். அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

துணிக்கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"இன்னாங்க, இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. கண்ணு இருட்டிக்கினு வந்துது." அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முகத்தில் சிரிப்பை வரவழைக்கப் பார்த்தான். அது வரவில்லை. "மூணு மாசம் செல்வி. நாக்க அடக்கிக்கினு, மூக்கப் புடிச்சுக்கினு முட்டைய முழுங்கி, ஒரு ராத்தல்ல நிக்கறேன். எங்கம்மா காதுல உழுந்த ஒரு வார்த்தைக்கு எல்லாம் பூடுச்சு."

அவன் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. அவனும் அவள் பார்க்க வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செல்வி முடிவெடுத்தது அங்கேதான். வேண்டுமா வேண்டாமா என்று மூன்று மாதமாக அவளுக்குள் இருந்த வழக்கு அந்தக் களத்துமேட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இவன் போகட்டும். போய்த் தேறட்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது.

அந்த வழி பொய் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் முழுகாமல் இல்லை. ஆனி மாதம் தம்பி கல்யாணத்துக்கு ஆர்.கே.பேட்டைக்குப் போய் இருபது நாள் தாய்வீட்டில் தங்கியிருந்தபோது தூரமாகித் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வந்தாள். அது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அடுத்தது வர இன்னும் ஒரு வாரம் இருக்கலாம், அதற்கு முன்னாலும் வரலாம். அவளுக்கு நாள் ஒழுங்காக நிற்பதில்லை. வந்தால் இந்த வீட்டில் மறைக்க முடியாது. கொல்லைப்புறக் கொட்டகையில் தனியாகத்தான் உட்கார வேண்டும்.

திங்கட்கிழமை வரைக்கும் தாங்கினால் போதும். அவன் ரயிலேறிய பிறகு எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அங்காளம்மாள் தனியாக இருந்தாள். செல்வி அவள் பின்னால் போய் நின்றாள்.

"அத்தை."

"இன்னா பொண்ணே?"

"வைகாசிக்கு அப்புறம் நான் ஒக்காரல அத்தை."

அங்காளம்மாள் கையிலிருந்த தீக்குச்சி விரல் வரைக்கும் எரிந்தது. உதறிவிட்டுத் திரும்பினாள்.

"ஆனில? உங்க அம்மா ஊட்டுல?"

"இல்ல."

ஒரே வார்த்தைதான். சொல்லி முடித்ததும் வாய் கசந்தது.

அங்காளம்மாள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் மருமகளின் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். வேர்த்த கை.

"அடிப்பாவி, இத்த வாயில வெச்சுக்கினா எம்புள்ள கையில காப்பக் கட்ட உட்டே? ஒக்காரு. இப்பிடி ஒக்காரு. கூடையத் தூக்காத, தண்ணி எறைக்காத. நான் பரசுராமன் ஊட்டுக்குப் போறேன்."

போகிற வேகத்தில் வாசலிலேயே அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வது உள்ளே கேட்டது. அதற்கடுத்த வீட்டிலும் நின்று சொன்னாள். செல்வி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்தியிருந்தால் தேவலை.

விளக்கு வைத்து ரொம்ப நேரம் ஆகவில்லை, தேசப்பன் வந்துவிட்டான். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் மட்டும் ஒட்டியிருந்தது. துலுக்காணம் வாசலில் யாரிடமோ வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு பேசிச் சிரிப்பது கேட்டது. அந்த மனுஷன் வெற்றிலை போட்டே வருஷக்கணக்காகிறது.

செல்வி தட்டில் சோற்றைப் போட்டாள். மேலே இரண்டு முட்டையை உடைத்து வைத்தாள். அவன் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்தான். தொடவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரிஞ்சா ஓடறதுல புத்தி நிக்காதுன்னுதான்." இந்தப் பதிலைச் சாயங்காலமே தயார் பண்ணி வைத்திருந்தாள்.

"களத்துல அவ்ளோ தூரம் ஓடி வந்தியே. என்னத் தாங்கித் தூக்கி உட்டியே. இந்த ஒடம்ப வெச்சுக்கினா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. சாப்புடுங்க. இன்னும் ஒரு ராத்தல் கீது. பத்து நாள் இருக்கு, ஏத்திடலாம்."

தேசப்பன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. வாசலில் இருந்த தகப்பனின் பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

"கோயிலாண்ட நின்னுக்கினு இருந்தேன். காப்ப அவுத்ததும் கை லேசா இருந்துது. அப்பா, தப்பிச்சோம்னு தோணுச்சு. ஊட்டுக்கு நடந்து வர்றப்பதான் நெனச்சேன். நெருப்புல எறங்கக் கூடாது, அனல் தாக்கும்ன்றாங்க. அப்போ குண்டு போடற எடத்துக்கு மட்டும் போவலாமா?"

"அது வேற, இது வேற."

"இன்னா வேற?" அவன் குரல் தணிந்திருந்தது. கோபமில்லை. எதையோ இறக்கி வைத்தவனின் நிதானம் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "அம்மா ஒண்ணும் சொல்லல. நைனாவும் சொல்லல. நானேதான் சொல்றேன். நான் போவல செல்வி. மாசமா கீற உன்ன உட்டுட்டுப் போயி அங்க நான் இன்னா தாயே மூட்டு, பாயே மூட்டு போடறது? நெலம் கீது, ஏர் கீது. அது போதும்."

இப்போதே சொல்லிவிட வேண்டும். பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. சொன்னால் கயிறு மறுபடி அவன் கைக்கு ஏறும், இந்தத் தடவை எதற்கும் அவிழாது. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை ரயில் அவன் இல்லாமல் போகும். இரண்டில் எதுவானாலும் மூன்று மாத ஓட்டமும் மண்.

வாயைத் திறந்தாள். அப்போதுதான், 'நான் போவல' என்று அவன் சொன்னதும் தன் நெஞ்சில் முதலில் எழுந்தது எது என்பது அவளுக்குப் பிடிபட்டது. பயமில்லை. சந்தோஷம். பனைமரத்துத் திருப்பத்தில் நாய் குரைக்கிறதா என்று இனி விடியலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்ற சந்தோஷம்.

தேசப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா, ஏதோ சொல்ல வந்தே?"

"சோறு ஆறுது," என்றாள் செல்வி. "சாப்புடுங்க."